ஒரு கோடியே பத்து லட்சம் ஓம்

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறி மெதுவாகச் சுற்றுவதற்குக் காரணம் கன்டென்சர். அது பலவீனமாகிவிட்டது, மாற்றினால் கால் மணி நேர வேலை. நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து மூன்று பேர் அதை அண்ணாந்து பார்த்து "வோல்டேஜ் கம்மி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இந்த ஊரில் எது கெட்டாலும் வோல்டேஜ் கம்மிதான். பக்கத்தில் டியூப்லைட் பளிச்சென்று எரிகிறதே, அது ஏன் மங்கவில்லை என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் அதற்காக வரவில்லை. என் பெயர் இருதயநாதன். வயது ஐம்பத்திரண்டு. திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகும் ரோட்டில் ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீசியன் பிரிவு ஆசிரியர். இருபத்து நான்கு வருட சர்வீஸ். எங்கள் நிலையத்தில் 1999ஆம் வருடம் ஆயுத பூஜை அன்று காத்தமுத்து என்பவர் கரண்ட் அடித்து இறந்துபோனார். விபத்து என்று எழுதிக் கோப்பை மூடினீர்கள். நீங்கள் இல்லை, அப்போது இந்த நாற்காலியில் இருந்தவர். அந்தக் கோப்பில் பிழை இருக்கிறது. ஏழு வருடம் கழித்து அதைத் திருத்த வந்திருக்கிறேன்.

எழுதுகிற ஏட்டய்யாவுக்கு ஒரு வார்த்தை. நான் எண் சொன்னால் அந்த எண்ணையே எழுதுங்கள். சுமார், ஏறக்குறைய என்றெல்லாம் சேர்க்க வேண்டாம்.

கொஞ்சம் பாடம் நடத்தினால்தான் உங்களுக்குப் புரியும். வோல்ட் என்பது கரண்டைத் தள்ளுகிற விசை. ஆம்பியர் என்பது ஓடுகிற கரண்டின் அளவு. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். அதுதான் தடை, கரண்டை எவ்வளவு மறிக்கிறது என்கிற கணக்கு. இரண்டையும் பெருக்கினால் வாட். அது சக்தி. இவ்வளவுதான் மொத்தமும். நான்காம் வகுப்பு வகுத்தலும் பெருக்கலும். இருபத்து நான்கு வருடத்தில் எழுநூறு பேருக்குமேல் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். புரிந்துகொண்டவர்கள் என்று ஒன்பது பேரைச் சொல்லலாம். மற்றவர்கள் மனப்பாடம் செய்து எழுதி, பாஸாகி, இன்று உங்கள் வீடுகளுக்கு வயரிங் செய்துகொண்டிருக்கிறார்கள்.

காத்தமுத்துவுக்கு மனப்பாடம்கூடக் கிடையாது. ஐந்தாவதோடு நின்றவன். பேகம்பூரில் ஒரு மோட்டார் கடையில் காயில், அதாவது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், கட்டுகிற வேலை பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் தாளாளருக்கு அவன்மேல் என்ன மயக்கமோ, 1998இல் அவனைக் கூட்டிவந்து, வாரம் மூன்று நாள் மாணவர்களுக்குக் காயில் கட்டச் சொல்லிக் கொடுக்க வைத்தார். எனக்கு டிப்ளமோ இருக்கிறது. அவனுக்கும் எனக்கும் ஒரே அறையில் மேஜை போட்டார்கள்.

அவனை மாஸ்டர் என்று கூப்பிடுகிற பசங்களுக்கு அவனைப் பார்த்தால் திருவிழா. லைன் வருகிறதா இல்லையா என்று பார்க்க அவன் டெஸ்டர் எடுக்க மாட்டான். புறங்கையால் ஒரு தட்டு தட்டுவான். "வருதுலே" என்பான். ஓடுகிற மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "இது ஏழு ஆம்பியர் திங்குது" என்பான். மீட்டரில் பார்த்தால் ஏழோ, ஏழரையோ இருக்கும். அவனைக் கரண்ட் ஒன்றும் செய்யாது என்று பசங்கள் பேசிக்கொண்டார்கள். டீக்கடை வரைக்கும் அந்தப் பேச்சுப் போயிற்று. வாத்தியார்கள் சிலரும் நம்பினார்கள். அவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

எரியோட்டில் இருந்து மலைச்சாமி என்ற விவசாயி ஐந்து எச்.பி. மோட்டார் ஒன்றை டெம்போவில் ஏற்றிவந்தார். ஓடினால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது என்றார். பசங்கள் முப்பது பேர் சுற்றி நின்றார்கள். நான் மூன்று காயிலுக்கும் தனித்தனியே வோல்ட் கொடுத்து, கரண்டை அளந்து, வகுத்து, கரும்பலகையில் எழுதினேன். மூன்றும் ஒரே ஓம். "மோட்டார்ல பழுது இல்ல. உங்க ஊர் சப்ளையைப் பாருங்க" என்றேன்.

காத்தமுத்து மோட்டாரைச் செத்த நேரம் ஓட்டச் சொன்னான். கையை வைத்தான். பிறகு மூக்கைக் கிட்டே கொண்டுபோனான். "சார், குளிர்ந்து கெடக்கையில எல்லாம் சரியாத்தான் இருக்கும். சூடாகட்டும். மூணாவது காயிலுல கம்பி ஒண்ணோட ஒண்ணு தொடும்" என்றான்.

கால் மணி நேரம் ஓட்டினார்கள். கரண்ட் ஏறியது. மோட்டார் உறுமி நின்றது. பிரித்துப் பார்த்தால் மூன்றாவது காயில்.

பசங்கள் கை தட்டினார்கள். மலைச்சாமி வெற்றிலை போட்ட வாயால் சிரித்துக்கொண்டே, "சார் கணக்குக்கு நிக்குது, காத்தமுத்து கைக்கு ஓடுது" என்றார். தாளாளரும் சிரித்தார். கரும்பலகையில் என் எழுத்து அப்படியே இருந்தது. நான்தான் அழிக்க வேண்டியிருந்தது.

இதற்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். ஒரு விவசாயி சிரித்ததற்காக ஆளைக் கொல்கிறவன் இல்லை நான். அன்று மாலை காத்தமுத்து என் மேஜைக்கு வந்து நின்றதைச் சொல்கிறேன்.

"சார், உங்க மீட்டரு பொய் சொல்லல. மோட்டாருதான் ஏமாத்திருச்சு. பசங்க சிரிச்சத மனசுல வச்சுக்கிறாதீங்க."

எனக்கு ஆறுதல் சொன்னான். ஐந்தாவது படித்தவன்.

கூடவே, "ஒரு ஒத்தாசை சார். அந்த வோல்ட்ட ஆம்பியரால வகுக்குற கணக்கு, அத எனக்குச் சொல்லிக் குடுங்க. கை சொல்றது எனக்குத் தெரியுது. ஏன் சொல்லுதுன்னு தெரியல" என்றான்.

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றேன்.

"அதுவும் சரிதான் சார்" என்று போய்விட்டான். கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கு அப்போதுதான் அவனைப் பற்றி ஒரு தெளிவு வந்தது. ஏன் என்று தெரியாமலே சரியான விடையைச் சொல்கிறவன் ஆபத்தானவன். அவனைப் பார்த்து முப்பது பசங்கள் டெஸ்டரைப் பைக்குள் வைத்துவிட்டுப் புறங்கையை நீட்டத் தொடங்கியிருந்தார்கள். யாராவது ஒருவன் சாவான். அதைத் தடுப்பது என் கடமை என்று நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

அவனைக் கரண்ட் ஏன் தொடவில்லை என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மதிய வேளை போதுமாயிருந்தது. சாப்பிட்ட பிறகு வேப்பமரத்தடியில் துண்டை விரித்துத் தூங்குவது அவன் வழக்கம். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருப்பான். நீல வார் போட்ட சாதாரண ரப்பர் செருப்பு, குதிகால் தேய்ந்தது. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு லேபுக்கு வந்தேன். மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, பாரத்துக்கு ஒரு இரும்புக் கட்டி. இருநூற்று இருபது வோல்ட் கொடுத்தேன். ஓடிய கரண்ட் ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் இருபது பங்கு. வகுத்துப் பாருங்கள். ஒரு கோடியே பத்து லட்சம் ஓம்.

ஊரே கும்பிட்ட வித்தை அவ்வளவுதான். செருப்பைத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

இதை எல்லோருக்கும் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தாளாளரிடம் சொன்னேன். "அதனால என்ன சார், காத்தமுத்து கை தங்கமான கை" என்றார். பசங்களிடம் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். கொட்டாவி விட்டார்கள். ஒருவன் மட்டும் எழுந்து, "அப்ப மாஸ்டர் செருப்ப நாங்களும் போட்டுக்கலாமா சார்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சொல்லிப் புரியவைக்க முடியாதவர்களுக்குச் செய்துதான் காட்ட வேண்டும். செய்முறை வகுப்பு என்று பாடத்திட்டத்திலேயே இருக்கிறது.

இனி ஏட்டய்யா கொஞ்சம் கவனமாக எழுத வேண்டும்.

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருக்கையில், பூஜை நாளில் பணிமனைக்குள் யாரும் செருப்புப் போட்டுக்கொண்டு வரக் கூடாது என்று தாளாளரிடம் யோசனை சொன்னேன். கருவிகளைச் சாமியாக வைத்துக் கும்பிடுகிற இடம் என்றேன். நான் கிறிஸ்தவன், அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "வேதக்காரரா இருந்தும் இம்புட்டு மரியாதை" என்று எல்லோரிடமும் சொன்னார். செருப்பைக் கழற்றச் சொல்வது குற்றமில்லை.

பூஜை முடிந்ததும், விருந்தினர்கள் முன்னால் காத்தமுத்து மோட்டாரைத் தொட்டு ஆம்பியர் சொல்லட்டும், நான் மீட்டர் வைத்துச் சரிபார்க்கிறேன் என்றும் நான்தான் சொன்னேன். எனக்குப் பெருந்தன்மை வந்துவிட்டது என்று நினைத்தார்கள். அதுவும் குற்றமில்லை.

பொரியும் குங்குமமும் கொட்டிக் கிடந்ததால், பத்து மணிக்குத் தரையை மறுபடி கழுவச் சொன்னேன். சிமெண்ட் தரை. உலர நேரமாகும். மேஜையைச் சுற்றி ஆறடி தள்ளிச் சாக்பீஸால் கோடு போட்டு, யாரும் தாண்டக் கூடாது என்று நிறுத்தினேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் எப்போதும் கண்டிப்பு. வேறு ஒருவர் மேலும் ஒரு கீறல் விழவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மேஜை மேல் மூன்று மோட்டார்கள் இருந்தன. வீட்டுச் சப்ளையில் ஓடுகிற சின்ன மோட்டார்கள். நடுவில் இருந்ததில் உள்ளே காயிலின் மேல்பூச்சு உரிந்து, கரண்ட் அதன் இரும்பு உடம்புக்கு வந்துகொண்டிருந்தது. அப்படி ஒழுகுகிற கரண்டை மண்ணுக்குள் கொண்டுபோய் விடத்தான் எர்த் கம்பி. அந்தக் கம்பி கழன்று கிடந்தது. மோட்டார் அதிர்ந்ததில் நட் கழன்றுவிட்டது என்று உங்கள் கோப்பில் இருக்கிறது. அதிர்வில் கழலாமல் இருக்கத்தான் நட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர் போடுவார்கள். அந்த வாஷர் எங்கே என்று விசாரிக்க வந்த ஒருவரும் கேட்கவில்லை. என் சட்டைப் பையில் இருந்தது. அவர்களோடு நின்று காபி குடித்தேன்.

கணக்குக்கு வருகிறேன். மோட்டார் உடம்பில் இருநூற்றுப் பத்து வோல்ட் இருந்தது. அதை இரண்டு நாள் முன்பே அளந்துவிட்டேன். செருப்பு இல்லாமல், நனைந்த தரையில் நிற்கிற மனித உடம்புக்கு ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் ஓடும் கரண்ட் பூஜ்யம் புள்ளி இரண்டு ஒன்று ஆம்பியர். ஃபியூஸ் போகாது. ஃபியூஸ் ஆளைக் காப்பாற்றும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அது கம்பியைக் காப்பாற்றுவதற்கு. சக்தி நாற்பத்து நான்கு வாட். படிக்கட்டுக்கு அடியில் போடுகிற சின்ன குண்டு பல்பு எரிய எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. ஒரு ஆளை நிறுத்த அது போதும். இதயம் ஒன்றும் பெரிய மோட்டார் இல்லை.

முதல் மோட்டாரைத் தொட்டு "மூணு" என்றான். சரியாக இருந்தது. கை தட்டினார்கள். இரண்டாவதற்குப் போனான். கையை வைத்தான். ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவனுக்குப் பழக்கம்தானே அது. மாஸ்டர் கவனமாகப் பார்க்கிறார் என்று அமைதியாக நின்றார்கள்.

சுவிட்ச் என் கைக்கு அருகில் இருந்தது. கரண்ட் போகிற கம்பியில் ஒரு அம்மீட்டர், திரும்பி வருகிற கம்பியில் ஒரு அம்மீட்டர் மாட்டியிருந்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அவ்வளவு கரண்ட் வேறு வழியில் போகிறது என்று பொருள். போவது நான்கு புள்ளி இரண்டு. வருவது நான்கு. வித்தியாசம் பூஜ்யம் புள்ளி இரண்டு. முள் ஆடாமல் நிற்கும்வரை பார்த்து, உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு அணைத்தேன். கணக்குக்கும் அளவுக்கும் ஐந்து சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. இவ்வளவு சுத்தமான விடை என் சர்வீஸில் வந்ததில்லை. அன்று கரும்பலகை பக்கத்தில்தான் இருந்தது. எழுதவில்லை. எழுதுகிற சூழ்நிலை இல்லை.

அவனுடைய மனைவி அங்காளம்மாளுக்குத் தாளாளர் எங்கள் நிலையத்திலேயே கூட்டிப் பெருக்கும் வேலை கொடுத்தார். ஏழு வருடமாகத் தினமும் பார்க்கிறேன். "சார் சாப்டீங்களா?" என்பாள். ஒருநாள் என் மேஜையைத் துடைத்துக்கொண்டே, "உங்களப் பத்தி வீட்ல அம்புட்டுப் பேசுவாரு சார். இருதயநாதன் சாரு ஒரு தடவ பாத்துட்டாருன்னா மறு தடவ பாக்க வேணாம்னுவாரு" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவள் புருஷனைப் போலவே அவளும். யாரிடம் என்ன சொல்கிறோம் என்று தெரியாது.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன் என்கிறீர்கள். போன மாதம் எங்கள் பணிமனைச் சுவரில் புதிதாக ஒரு போர்டு மாட்டினார்கள். காத்தமுத்து போட்டோ, மாலை, கீழே எழுத்து: "440 வோல்ட் உயர் மின்னழுத்தம் தாக்கி உயிரிழந்த எங்கள் மாஸ்டர். வோல்டேஜைக் கண்டு எச்சரிக்கையாக இருப்போம்." நானூற்று நாற்பது எங்கிருந்து வந்தது? அது வீட்டுச் சப்ளை மோட்டார். ஆளைக் கொல்வது கரண்ட். அந்தக் கரண்ட் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது தடை. புதிதாக வந்திருக்கும் முதல்வர் டோனி, என்னிடமே படித்தவன். அவனிடம் போய்ச் சொன்னேன். "விடுங்க சார், சின்ன விஷயம். நினைப்புக்கு வச்சதுதானே" என்றான். ஒன்பது பேரில் அவன் ஒருவன் என்று நினைத்திருந்தேன். இனி எட்டு.

ஒவ்வொரு வருடமும் புதிதாக முப்பது பசங்கள் அதைப் படிப்பார்கள். தப்பாகப் படிப்பார்கள். எனக்குத் தாங்கவில்லை. இருநூற்றுப் பத்து வோல்ட், ஆயிரம் ஓம், பூஜ்யம் புள்ளி இரண்டு ஒன்று ஆம்பியர், நாற்பத்து நான்கு வாட். கோப்பில் இது ஏறட்டும். என்னை என்ன செய்வதாக இருந்தாலும் செய்துகொள்ளுங்கள். தடை என்றால் என்னவென்று தெரியாததால் அவன் செத்தான். நான் அதை நிரூபித்தேன்.

கையெழுத்துப் போட வேண்டுமா? கொடுங்கள்.

இருங்கள். தடை தெரியாததால் செத்தான் என்று எழுதிவிட்டீர்களா? அந்த வரியை அடிக்க வேண்டியிருக்கும். பிழையைத் திருத்த வந்துவிட்டு நானே ஒரு பிழையில் கையெழுத்துப் போடக் கூடாது.

இரண்டாவது மோட்டார் பக்கம் போனவன் உடனே தொடவில்லை. நின்றான். குனிந்து தரையைப் பார்த்தான். ஒரு பாதத்தைத் தூக்கி மற்றக் காலில் தேய்த்துக்கொண்டான். பிறகு திரும்பி, எனக்கு மட்டும் கேட்கும்படி, தணிந்த குரலில் சொன்னான்.

"சார், தரை நனைஞ்சு கெடக்கு. வெறுங்கால் வேணாம். செத்த நேரம் பொறுங்க, செருப்பப் போட்டுட்டு வாரேன்."

வகுக்கத் தெரியாமலே விடைக்கு வந்துவிட்டான். இந்தத் தடவையும்.

அவன் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருப்பான். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். நான் சொன்னேன்:

"எர்த் நல்லா இருக்கு. இப்பத்தான் நானே டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். தொடுங்க."

யார் என்ன சொன்னாலும் தானே தொட்டுப் பார்த்துத்தான் நம்புகிறவன் அவன். என் முகத்தைப் பார்த்தான்.

"நீங்க பாத்தாச் சரி சார்" என்று சொல்லிவிட்டு, கையை வைத்தான்.